சுரங்கம் மூடிய கோலார் தங்கவயலில் என்ன பார்ப்பது?

சென்னையிலிருந்து இரண்டு நாள் விடுமுறையில், பத்து வயதும் பதினான்கு வயதுமான பிள்ளைகளோடு கோலார் தங்கவயல் போகலாமா, சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறங்க முடியாது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். பம்புகள் நின்றதும் ஊற்று நீர் ஏறி, ஆழத்திலிருந்த பாதைகளெல்லாம் மூழ்கிவிட்டன. சாஃப்ட் என்று சொல்லும் செங்குத்துக் குழிகளின் வாய்கள் அடைபட்டிருக்கின்றன, சுற்றிலும் காவல் இருக்கிறது. யாராவது உள்ளே அழைத்துப் போகிறேன் என்று காசு கேட்டால் நம்ப வேண்டாம். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியில், "அப்படி முடியாதென்றால் அவ்வளவு தூரம் போய்ப் பிரயோசனம் உண்டா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு என் பதில், உண்டு, தாராளமாக உண்டு. பார்க்க வேண்டியவை எல்லாம் தரைக்கு மேலேயே இருக்கின்றன.

நான் நிலவியல் படித்தவன். வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் அதையே பாடம் நடத்தினேன். ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களைத் தங்கவயலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். என் தாத்தா குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடிப் போய், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது வருஷம் குழி இறங்கியவர். ஆகவே பாறையைப் பற்றியும், லைன் வீடுகள் என்னும் தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றியும் தைரியமாகச் சொல்வேன். கோயில், கல்வெட்டு விஷயத்தில் நான் ஆர்வமுள்ள வாசகன் மட்டுமே. அங்கே நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தங்கவயலில் மற்ற எல்லாமே அதனால் வந்தவை. ஊருக்கு அருகே பெத்தப்பள்ளி என்று ஒரு கிராமம். அங்கே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கும் பாறைத் தளம் ஒன்று இருக்கிறது. தங்கவயல் போகிறவர்களில் பெரும்பாலோர் இதைத் தவறவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணக் கரும்பாறைதான். கிட்டப் போய்க் குனிந்து பாருங்கள். கருத்த பாறைக்குள் வேறு வேறு அளவில், வேறு வேறு நிறத்தில் துண்டுகள் பதிந்திருக்கும். சில நெல்லிக்காய் அளவு, சில தேங்காய் அளவு. எரிமலை வெடித்தபோது தூக்கி எறியப்பட்ட துண்டுகள், சாம்பலோடு சேர்ந்து இறுகிக் கல்லாகிவிட்டவை. இந்தப் பகுதியில் தலையணை லாவா என்று சொல்லும் பாறையும் உண்டு. கொதிக்கும் லாவா தண்ணீருக்குள் வழியும்போது அதன் மேல்தோல் சட்டென்று இறுகி, உள்ளிருப்பது உருண்டு உருண்டு பிதுங்கும். அந்த வடிவம் அப்படியே நின்றுபோகும். அதாவது இன்று கேழ்வரகு விளையும் இந்த மேட்டு நிலம் ஒரு காலத்தில் நீருக்கடியில் இருந்தது. வயது, சுமார் 270 கோடி ஆண்டுகள். ஒருமுறை ஒரு மாணவி தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அந்தப் பாறையில் ஊற்றினாள். நனைந்த இடத்தில் துண்டுகளின் விளிம்புகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. அன்றிலிருந்து நானும் மாணவர்களுக்கு அப்படித்தான் காட்டினேன். நீங்களும் ஒரு பாட்டில் தண்ணீர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியல் மட்டும் கூடாது, ஒரு சில்லுகூடப் பெயர்க்கக் கூடாது.

இந்த எரிமலைப் பாறைகள் வடக்கு தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பட்டையாக ஓடுகின்றன. பின்னாளில் பூமியின் அழுத்தத்தில் இந்தப் பட்டையில் விரிசல்கள் விழுந்து, அவற்றின் வழியே சூடான நீர் மேலே ஏறி வந்தபோது கரைந்திருந்த சிலிக்காவும் தங்கமும் படிந்தன. அதுதான் வெள்ளைக் கல்லுக்குள் ஓடும் தங்க ரேகை. சாம்பியன் ரீஃப் என்ற ஊர்ப்பெயரே அந்த ரேகையின் பெயர்தான். பிள்ளைகள் "கீழே தங்கம் கிடக்குமா சார்?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். கண்ணால் பார்க்கிற மாதிரி கிடைக்காது. ஒரு டன் பாறையை இடித்து மாவாக்கினால் சராசரியாகப் பதினைந்து கிராம் போலக் கிடைத்தது, அவ்வளவே. 120 ஆண்டுகளில் இங்கிருந்து எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன் என்று சொல்வார்கள். அதற்கு எவ்வளவு பாறையை வெட்டி மேலே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று பெரிய பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அந்தக் கணக்கின் விடைதான் ஊரில் நீங்கள் பார்க்கப்போகும் சைனைடு மலைகள். ஊரார் அப்படித்தான் சொல்வார்கள். இடித்த மாவிலிருந்து சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி உண்டான குன்றுகள். மொத்தம் 13 குவியல்கள், 3 கோடி டன்னுக்கு மேல். மழை நீர் அறுத்து அறுத்து அவற்றின் பக்கங்கள் மடிப்பு மடிப்பாக, புடவைக் கொசுவம் மாதிரி இருக்கும். மாலை வெயிலில் வெளிர்மஞ்சளாகத் தெரியும்போது அழகுதான், மறுக்கவில்லை. சினிமாக்காரர்கள் தேடி வருவதும் அதற்காகத்தான். ஆனால் பிள்ளைகளை அதன்மேல் ஏற்றாதீர்கள். சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும், பயம் அதில் அதிகமில்லை. பயம் தூளில். அது முகப்பவுடர் மாதிரி நைசான பாறை மாவு, நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு உதறினாலும் விரல் ரேகைகளுக்குள் வெள்ளையாக ஒட்டிக்கொண்டே இருக்கும். என் தாத்தாவுக்குக் கடைசி ஆறு வருஷம் படுத்தால் மூச்சு வராது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். சுரங்கத் தொழிலாளர் பலருக்கு வந்த சிலிகோசிஸ் என்ற நோய். ஆகவே சாலையிலிருந்தே பாருங்கள், படம் எடுங்கள். ஆடிக் காற்றுக் காலத்தில் போகாதீர்கள், தூள் ஊர் முழுக்கப் பறக்கும். இன்னொன்று. இந்தக் குவியல்களில் மிச்சமிருக்கும் தங்கத்தை மறுபடி எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் ஒப்புதல் தந்திருக்கிறது. வேலை தொடங்கினால் இந்த மலைகளின் உருவம் மாறிவிடும்.

இப்போது வரலாறு. உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். 1802-இல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி எல்லைகளை அளக்க வந்தபோது, இங்குள்ள கிராமத்தார் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைப் பார்த்துக் குறிப்பெழுதினார். எழுபது ஆண்டுகள் கழித்து லாவெல் என்பவர் மைசூர் அரசிடம் அனுமதி வாங்கினார். பெங்களூரில் லாவெல் ரோடு என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அவர் பெயர்தான். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி உள்ளே வந்தது. அவர்களும் முதலில் கைவிடும் நிலைக்குப் போய், பழங்காலத்தார் தோண்டி விட்டுப்போன குழிகளைத் தொடர்ந்து ஆழமாகப் போனபோதுதான் வளமான ரேகையைப் பிடித்தார்கள். அப்புறம் நிற்கவே இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3,200 மீட்டர் ஆழம்வரை போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரியைத் தாண்டும். குளிரூட்டிய காற்றைக் கீழே அனுப்பித்தான் மனிதர்களை வேலை செய்யவைத்தார்கள். இந்திய விடுதலைக்குப் பிறகு 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கத்தை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது.

சந்தேகத்துக்குரியது என்று நான் ஒதுக்குவது, ஹரப்பா நகரங்களுக்கே கோலார் தங்கம் போனது என்ற பேச்சு. சுற்றுலாக் கையேடுகளில் அடித்துச் சொல்லியிருப்பார்கள். அங்கே கிடைத்த நகைகளில் வெள்ளிக் கலப்பு இருப்பதை வைத்து அப்படி ஊகித்தார்கள். தங்கத்தில் வெள்ளி கலந்திருப்பது பல இடங்களில் இயற்கையாகவே உண்டு. அதை மட்டும் வைத்து ஊரை முடிவுசெய்ய முடியாது. ஆங்கிலேயருக்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே ஆழமாகத் தோண்டியிருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி. அதுவே பிள்ளைகளுக்குச் சொல்லப் போதுமான அதிசயம்.

மின்சாரக் கதையையும் சொல்லுங்கள். காவிரியில் சிவசமுத்திரம் அருவிக்குப் பக்கத்தில் மின்நிலையம் கட்டி, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-இல் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவிளக்கு எரிந்தது 1905-இல்தான். ஆனால் அந்த மின்சாரம் போனது சுரங்க எந்திரங்களுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும். தொழிலாளர் லைன்களுக்கு வெளிச்சம் வர நெடுங்காலம் ஆனது. ஊருக்குள் சுற்றும்போது இந்த வித்தியாசத்தை இன்றும் கண்ணால் பார்க்கலாம். ஊர்காம் பக்கத்தில் மரங்கள் சூழ்ந்த பெரிய பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம், தேவாலயங்கள். அங்கிருந்து சற்றுத் தள்ளி சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் பக்கம் போனால் வரிசை வரிசையாக லைன் வீடுகள். ஒரே அறை, கை நீட்டினால் தொடும் உயரத்தில் கூரை. இரண்டையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள்.

அந்த லைன்களில் இன்றும் தமிழ்தான் கேட்கும். வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போனவர்களின் பேரன் பேத்திகள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊரில் நிலமோ மரியாதையோ இல்லாமல், தங்கத்தைவிடக் கூலிக்காகப் போனவர்கள். கூலி வேலைக்குப் போன இடத்தில் அவர்கள் பள்ளிக்கூடமும் பத்திரிகையும் பௌத்த சங்கமும் கட்டினார்கள் என்பதைத் தமிழ்நாட்டில் நம்மில் பலர் அறியவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் தென்னிந்திய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவர் காலத்துக்குப் பின் அவருடைய எழுத்துகளை நூல்களாக வெளியிட்டுக் காப்பாற்றியதில் சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலைக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் நடத்திய 'தமிழன்' இதழும் 1920-களில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வந்தது. 1930-இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவுசெய்யப் போகிறோம் என்று கம்பெனி சொன்னபோது, எங்களைக் குற்றவாளிகளாக்குகிறீர்களா என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் இவர்கள். உங்கள் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.

விஞ்ஞானத்தில் ஆர்வமுள்ள பிள்ளையாக இருந்தால் ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள். 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வைத்த கருவிகளில், வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயம் கிடைத்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹாமும் சேர்ந்து செய்த சோதனை. அதே காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் இதே தேடல் நடந்தது, இரண்டு குழுக்களின் அறிவிப்பும் சில நாள் இடைவெளியில் வந்தன. மேலேயுள்ள பாறை மற்ற துகள்களையெல்லாம் தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் தாண்டி வரும். அதற்காகவே அவ்வளவு ஆழம் தேவைப்பட்டது. அந்த இடமும் இப்போது நீருக்கடியில்தான். சாலையிலிருந்து தெரியும் சாஃப்ட் இரும்புக் கோபுரம் ஒன்றைக் காட்டி, இந்தக் கம்பி வழியாகத்தான் கூண்டில் ஆட்கள் இறங்கினார்கள் என்று சொன்னால் போதும்.

சுற்று வட்டாரத்துக்கு இரண்டாம் நாளை வைத்துக்கொள்ளுங்கள். பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தொடங்கலாம். தங்கவயலுக்கு ஒரு காலத்தில் குடிநீர் கொடுத்தது இதுதான். இந்த ஏரியில் தேங்குவது நம் பாலாற்றுத் தண்ணீர். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வறண்ட மணலாகப் பார்க்கும் அதே ஆறு. நல்ல மழைக்குப் பிறகு போனால் ஏரி கடல் மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் ஏமாற்றம்தான். அங்கிருந்து கம்மசந்திராவில் கோடிலிங்கேஸ்வரர் கோயில் பக்கம். 108 அடி லிங்கம், எதிரே 35 அடி நந்தி, சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை சிறு லிங்கங்கள். இது 1980-இல் தொடங்கிய புதிய கோயில். கோடி என்பது பக்தர்களின் சங்கல்பம், எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு மிகவும் பிடிக்கும். குட்டஹள்ளியில் இருக்கும் பங்காரு திருப்பதியும் பக்கம்தான்.

எனக்குச் சொந்த விருப்பம் என்று கேட்டால், கூட்டம் சேரும் இந்தக் கோயில்களைவிட முளபாகல் பக்கத்து ஆவணியைச் சொல்வேன். நுளம்பர் என்ற அரச வம்சத்தின் காலத்துக் கோயில்கள், ராமன், லட்சுமணன், பரதன், சத்ருக்கனன் பெயரில் தனித்தனிச் சந்நிதிகள், பின்னால் மொட்டைப் பாறை மலை. லவனும் குசனும் பிறந்த இடம் என்று ஊரார் நம்புகிறார்கள். மலைமேல் சீதைக்கு ஒரு கோயில் இருக்கிறது. ஏற விரும்பினால் காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள், பத்து மணிக்குப் பாறை காலைச் சுடும். அதே பக்கம் குருடுமலையில் ஒரே கல்லில் செய்த பதிமூன்றரை அடிப் பிள்ளையார். நேரம் இருந்தால் கோலார் நகரத்துக்கே போய்க் கோலாரம்மா கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோலாருக்கு அப்போது குவளாலம் என்று பெயர், இந்த வட்டாரத்துக்கு நிகரிலி சோழ மண்டலம் என்று பெயர். எழுத்துகளை எனக்குச் சரளமாகப் படிக்க வராது, ஆனால் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்கும் இடத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். கோலாரை ஒட்டிய அந்தரகங்கையில் கல் நந்தியின் வாயிலிருந்து சுனை நீர் விழுந்துகொண்டே இருக்கும். அதற்கு மேலே பெரிய உருண்டைப் பாறைகளும் குகைகளும் உண்டு, அங்கே வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள், குரங்கும் அதிகம். ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டையும் இதே வட்டாரம்தான், ஆனால் கோட்டையில் மிச்சம் அதிகமில்லை, இரண்டு நாளில் அதை விட்டுவிடலாம்.

வழி சுலபம். சென்னை–பெங்களூர் ரயில் பாதையில் பங்காருப்பேட்டையில் இறங்குங்கள். அங்கிருந்து மாரிக்குப்பத்துக்கு 16 கிலோமீட்டர் கிளைப் பாதை, 1894-இல் சுரங்கத்துக்காகவே போட்டது. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்று சுரங்கங்களின் பெயரே ஸ்டேஷன் பெயராக வரும். கார் வைத்திருந்தாலும் அந்த ஒரு பயணத்தை ரயிலில் செய்யுங்கள். அதிகாலை வண்டியில் போனால் எதிர்த்திசையில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானோரைப் பார்ப்பீர்கள். சுரங்கம் மூடியபின் ஊர் பிழைப்பது இந்த ரயிலால்தான். நேர அட்டவணை அடிக்கடி மாறும், கிளம்பும் முன் சரிபாருங்கள். தங்குவதற்கு ராபர்ட்சன்பேட்டையில் சுமாரான விடுதிகள்தான், வசதி வேண்டுமானால் கோலாரில் தங்குங்கள். காமசமுத்திரம் பக்கத்துக் காட்டோரச் சாலைகளில் யானை வரும், இருட்டியபின் அந்தப் பக்கம் வண்டி ஓட்ட வேண்டாம். பங்காருப்பேட்டையில் பானிபூரிக்குத் தண்ணீர் பச்சையாக இருக்காது, குடிதண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும், ஆனால் காரம் உச்சி வரை ஏறும். சின்னவனுக்குக் கொஞ்சமாகக் கொடுங்கள்.

லைன்களுக்குள் போகும்போது வீட்டு வாசலில் நின்று கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக மாரிக்குப்பம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஒரு கால்மணி நேரம் உட்காருங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர் யாராவது கண்டிப்பாக இருப்பார். "ஐயா, நீங்க எந்த சாஃப்ட்ல வேலை பார்த்தீங்க?" என்று உங்கள் பெரிய பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். கூண்டு இறங்கும்போது காது அடைப்பதையும், ஏர் பிளாஸ்ட் என்று அவர்கள் சொல்லும் பாறை வெடிப்பில் ஊர் வீடுகளில் பாத்திரம் உருண்டதையும் அவர் வாயால் கேட்கலாம். திரும்பும் ரயிலுக்கு முன்பு ஒரு மணி நேரமாவது இதற்கு ஒதுக்கிவையுங்கள், அவர்கள் பேசத் தொடங்கினால் பாதியில் எழுந்து வர மனம் வராது.